கேஷும் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிக்குடியில் பின்னேரங்களில் கணக்கீடும் ஆங்கிலமும் படிப்பித்து வருகிறேன். பெரியகல்லாறு, குருக்கள்மடம், கல்முனைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். காசேடு பாடம் தொடங்கும் கிழமையில் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், கேஷ் எண்டது நம்மட காசுதானே?" என்று கேட்காத வருடம் இல்லை. பிறகு அதே கேள்வி தாய் தகப்பனிடமிருந்து வரும், சொந்தக்காரரிடமிருந்தும் வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, விடைகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். மேலேயிருந்து வரிசையாக வாசித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை.

கேஷ் எண்டா என்ன டீச்சர்? லேசாச் சொல்லுங்க.

கையில் எண்ணிக் கொடுக்கக்கூடிய காசு. தாளாக இருக்கலாம், குற்றியாக இருக்கலாம். சந்தையில் மீன் வாங்கி, அந்த இடத்திலேயே காசைக் கொடுத்துவிட்டு வந்தால் அது கேஷ். கடைக்காரரின் கொப்பியில் எழுதச் சொல்லி, சம்பளத்தன்று தருகிறேன் என்றால் அது கடன். "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை தொங்கவிட்ட கடைக்காரர் கேட்பது கேஷைத்தான்.

வினைச்சொல்லாகவும் இது வரும். காசோலையை வங்கியில் கொடுத்துக் காசாக மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது பன்மை கிடையாது. ஒரு ரூபாயும் கேஷ், ஒரு கோடியும் கேஷ். 'கேஷஸ்' என்று பிள்ளைகள் பன்மை எழுதினால் நான் வெட்டிவிடுவேன்.

மணி எண்டும் வருது, கேஷ் எண்டும் வருது. ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. மணி பெரிய வட்டம், கேஷ் அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். வங்கிக் கணக்கில் கிடப்பது மணி, அதை எடுத்துக் கையில் வைத்திருந்தால் கேஷ். மணி என்ற சொல் பழைய உரோமரின் மொழியான லத்தீனிலிருந்து வந்தது. பழைய உரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலோடு நாணயம் அடிக்கும் சாலை இருந்தது. அந்த மொனேட்டாதான் பிரெஞ்சு வழியாக மணி ஆனது.

நம் பேச்சில் காசு என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. "அவரிட்ட காசு கிடக்கு" என்றால் வயல், வளவு, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது கேஷ் என்று போட்டால், அந்த மனிதர் சட்டைப்பையில் தாள்களோடு நிற்கிறார் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். மொழிபெயர்ப்பில் பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இது.

கேஷ் எண்ட சொல்லு நம்மட காசில இருந்துதானே போன?

எல்லோரும் கேட்பது இதைத்தான். கையிலுள்ள காசைக் குறிக்கும் கேஷ், அதாவது இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிற எவரும் சொல்கிற கேஷ், காசிலிருந்து போகவில்லை. அது ஒரு பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கேஸ் ஆனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து கேஷ் என்று நின்றது. வந்த புதிதில் அதற்குக் காசுப் பெட்டி என்ற பொருளும் இருந்தது, அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் காசு என்ற பொருளும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் விழுந்துவிட்டது, உள்ளே கிடந்த காசு மட்டும் மிஞ்சியது.

பெட்டியின் பெயர் எப்படிக் காசுக்குப் போகும் என்று கேட்பார்கள். மாமாங்கத் தீர்த்தம் முடிந்து "கோயிலில் உண்டியல் எண்ணுகிறார்கள்" என்று சொல்கிறோம். பெட்டி ஒன்றோ இரண்டோதான், எண்ணுவது அதற்குள் விழுந்த காசை. கேட்கிற ஒருவரும் தடுமாறுவதில்லை. கடையில் "லாச்சியில் எவ்வளவு கிடக்கு?" என்று முதலாளி கேட்டால், பையன் லாச்சியின் நீள அகலத்தைச் சொல்ல மாட்டான், காசைத்தான் எண்ணிச் சொல்வான். கேஷுக்கு நடந்ததும் இதுதான். இத்தாலியில் கடைகளில் காசு கட்டும் இடத்தை இன்றைக்கும் காஸ்ஸா என்றுதான் சொல்கிறார்கள்.

லாச்சி என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அது ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போன சொல். மேசையின் சின்ன இழுப்பறை என்பதுதான் அவர்களிடமும் பொருள். கந்தோர் என்று பழைய ஆட்கள் சொல்வதும் அவர்களுடையதே.

சத்தம் இவ்வளவு ஒத்துப்போகக்குள்ள எப்பிடி டீச்சர் உறவில்லாமப் போகும்?

போகும். ஆங்கிலத்துக்குள்ளேயே பாருங்கள். உடுப்பு வைக்கும் சூட்கேசில் வரும் கேஸ், மேலே சொன்ன லத்தீன் பெட்டியின் பிள்ளை. நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ், 'விழுதல்' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒன்று, சத்தமும் ஒன்று, ஆனால் ஒரு தாய்ப் பிள்ளைகள் இல்லை.

மறுபக்கம், மருந்துக் கடையில் தரும் கேப்சூல் குளிசை கேஷுக்குச் சொந்தச் சகோதரம். காப்சாவுக்குச் 'சின்ன' என்ற பொருள் தரும் விகுதி சேர்த்தால் கேப்சூல், அதாவது சின்னப் பெட்டி. மருந்தை உள்ளே வைத்து மூடிய பெட்டிதானே அது? சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த உறவு யாருக்கும் பிடிபடாது.

உரோமாபுரிக்காரர் அந்தக் காலத்திலயே நம்மட ஆக்களோட வியாபாரம் செய்தவங்கதானே. லத்தீனுக்கே காசு போயிருக்க ஏலாதா?

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. யோசித்துக் கேட்ட கேள்வி, அதனால் யோசித்தே பதில் சொல்ல வேண்டும். வியாபாரம் நடந்தது உண்மை. மிளகும் முத்தும் போயின, உரோம நாணயங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன.

ஆனால் காப்சா என்ற சொல்லுக்கு லத்தீனிலேயே வேர் இருக்கிறது. 'பிடித்துக்கொள், அடக்கு' என்று பொருள்படும் வினையிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலத்தில் சிறைப்பிடித்தலுக்கும் கொள்ளளவுக்கும் வரும் கேப்சர், கெபாசிற்றி என்ற சொற்களும் அதே வேரில் முளைத்தவை. உரோமர் அந்தப் பெட்டியில் வைத்ததும் காசை அல்ல, சுருட்டிய ஏடுகளை. நடுவில் இருக்கும் 'ப்' ஒலியையும் கவனியுங்கள். காசில் அது இல்லை. இத்தாலியனுக்குப் போகும்போது அந்த 'ப்' விழுந்து 'ஸ்ஸ்' ஆவது ஒழுங்காக நடந்த மாற்றம். ஜிப்சம் என்ற சொல் அங்கே ஜெஸ்ஸோ ஆனதும் அதே மாதிரித்தான். ஆகவே பழைய வடிவத்துக்குப் போகப் போக அந்தச் சொல் காசை விட்டு விலகித்தான் போகிறது. நெருங்கி வரவில்லை.

அப்ப காசுக்கும் இங்கிலிசுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா?

இருக்கிறது! இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. நல்ல ஆங்கில அகராதிகளில் கேஷ் ஒன்று, கேஷ் இரண்டு என்று தனித்தனியாக இலக்கமிட்டுப் போட்டிருப்பார்கள். இரண்டாவது கேஷ் என்றால் ஆசிய நாடுகளில் ஓடிய சின்னக் குற்றி. அந்தக் கேஷ் நம் காசேதான். 1886இல் யூலும் பர்னெலும் இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும், தமிழ்க் காசைப் போர்த்துக்கீசர் கைஷா ஆக்கினார்கள், அதிலிருந்து ஆங்கிலக் கேஷ் வந்தது என்ற கருத்தையே எழுதியிருக்கிறார்கள்.

மதராசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இந்தக் கேஷில்தான் தொடங்கியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இப்படித்தான் எழுதினார்கள். திருவிதாங்கூரில் வேறு கணக்கு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய், ஆகமொத்தம் ஒரு ரூபாய்க்கு 448 காசு. புதுக்கோட்டையில் அம்மன் காசு ஓடியது. ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. "காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப்போலப் பறக்கவும் வேண்டும்" என்ற பழமொழியில் வருவதும் இந்தச் சின்னக் குற்றிதான். பொதுவாகப் பணம் என்று அதற்குப் பொருள் கொண்டால் பழமொழியின் சாரமே போய்விடும்.

போன வருடம் என்னிடம் படிக்கும் ஒரு பையன், அம்மப்பாவின் அலுமாரியில் கிடந்ததென்று ஒரு செப்புக் குற்றியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். இப்போதைய பத்து ரூபாய்க் குற்றியை விடப் பெரியது. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கொடி பிடித்துக்கொண்டு ஒரு கேடயத்தின் இருபுறமும் நிற்கின்றன, கீழே 1808 என்று ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ஆங்கிலத்தில், ரோம இலக்கத்தில் இருபது போட்டு, கேஷ் என்று எழுதியிருக்கிறது. இருபது என்றபோதும் பன்மை விகுதி இல்லை, கவனியுங்கள். அந்தப் பாரசீக வரி சொல்வது, இருபது காஸ் நான்கு ஃபலூஸ் (அதுவும் ஒரு செப்புக் குற்றியின் பெயர்) ஆகும் என்பது. ஆக ஒரே குற்றியில் நம் சொல் இரண்டு முறை வருகிறது, பாரசீக வேடத்தில் ஒன்று, ஆங்கில வேடத்தில் ஒன்று. அடித்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்திலிருந்த சோகோ நாணயச் சாலை. வகுப்பில் அதைக் கையில் கையாய் மாற்றிப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் மறக்கவில்லை.

போர்த்துக்கீசர் ஏன் காசக் கைஷா ஆக்கினவங்க?

அவர்கள் மொழியில் கைஷா என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. பொருள் பெட்டி. ஆமாம், மேலே சொன்ன அதே லத்தீன் காப்சாவின் போர்த்துக்கீசப் பிள்ளை. இங்கே வந்து காசு என்று கேட்டவுடன், தங்கள் வாய்க்குப் பழகிய சொல்லுக்குள் அதைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு மொழிக்காரர் அந்நியச் சொல்லைக் கேட்டால், தெரிந்த சொல்லின் அச்சில்தான் அதை வார்ப்பார்கள். நாமும் அவர்களுடைய கதேய்ராவைக் கதிரை என்றோம், சப்பாத்துவைச் சப்பாத்து என்றோம்.

எனவே இரண்டு கேஷும் முதலில் உரசிக்கொண்டது ஆங்கிலத்தில் அல்ல, போர்த்துக்கீச மொழியில். ஆங்கிலத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், வந்து சேர்ந்தன. ஒன்று ஐரோப்பாவுக்குள்ளிருந்து பெட்டியாக வந்தது, மற்றது கப்பலேறிக் குற்றியாக வந்தது. கடைசியில் எழுத்தும் சத்தமும் ஒன்றாகிவிட்டன.

அப்ப நம்மட மட்டக்களப்புக் கோட்டையாலதான் அந்தச் சொல்லு போனதோ?

இல்லை. புளியந்தீவில் போர்த்துக்கீசர் கோட்டை கட்டியது 1628இல், பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே காசு என்ற சொல் போர்த்துக்கீசரின் கணக்குப் புத்தகங்களுக்குள் போய்விட்டது. அவர்கள் முதலில் அதைக் கேட்டிருக்கக்கூடியது இந்தியக் கரையோரத் துறைமுகங்களில்.

சீனாக்காரன்ட ஓட்டைக் காசையும் கேஷ் எண்டுதானே இங்கிலிசில எழுதுறாங்க?

ஆம். நடுவில் சதுர ஓட்டை உள்ள செப்புக் காசு. ஓட்டையில் கயிறு கோத்து ஆயிரம் காசை ஒரு சரமாகக் கட்டி வைப்பார்கள். சீனர்கள் அதைத் தங்கள் மொழியில் சியென் என்பார்கள். அவர்களிடம் கேஷ் என்ற சொல்லே இல்லை. போர்த்துக்கீசரும் பிறகு ஆங்கிலேயரும் மலாக்கா, யாவா, சீனா என்று போன இடமெல்லாம், சின்னப் பெறுமதியுள்ள குற்றியைக் கண்டால் தென்னிந்தியாவில் பழகிய பெயரையே சொன்னார்கள். இப்படித்தான் சீனத்துக் காசுக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

அந்தச் சீனக் காசுகள் இலங்கை மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. யாப்பகூவவில் தோண்டி எடுத்தவை பேர்போனவை.

காசு எண்டது தமிழா, வடமொழியா?

இதில் இரண்டு பக்கம் உண்டு. வடமொழியில் கர்ஷ என்பது பொன், வெள்ளி நிறுக்கும் ஓர் எடை. அந்த எடையுள்ள நாணயம் கார்ஷாபணம். பாளியில் கஹாபண, சிங்களத்தில் கஹவணு என்று வருவது அதுவே. காசும் இந்தக் கர்ஷவிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், ஹாப்சன்-ஜாப்சனும் அந்தப் பக்கம்தான். திராவிட மொழிகளின் சொல்லாராய்ச்சியாளர்கள், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாவற்றிலும் இது இருப்பதைக் காட்டி, திராவிடச் சொற்களோடு சேர்க்கிறார்கள். என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. காரணம் தமிழில் இதன் பழமை.

குறுந்தொகையின் 67ஆம் பாட்டைப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லை பாடியது. கிளி ஒன்று தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது, புதிய நூலில் கோப்பதற்காகப் பொன் காசொன்றை நகத்தால் பற்றியிருக்கும் பொற்கொல்லனின் விரலைப் போல இருக்கிறது என்கிறார். மஞ்சள் நிறப் பழம், கூரிய நகம், பொன் காசு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. காசுமாலை கோக்கிறவரைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை சொல்லித்தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் "காசறு விரையே" என்று வரும் இடத்தில் காசு என்றால் குற்றம், அது வேறு பொருள். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடு உண்டு. "நன்றி மறப்பது நன்றன்று" என்ற குறள் 'நன்று' என்று முடிகிறதே, அது காசு என்ற வாய்பாடு. கணக்கீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் இதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்வார்கள், எங்கே போனாலும் காசுதானா என்று.

நம் தீவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்ற நாணயம் பேசப்படுகிறது. சிங்களத்திலும் இன்றைக்கு நாணயக் குற்றியைக் காசி என்கிறார்கள். அம்பாறைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நாளாந்தம் கேட்கும் சொல்.

காசோலை, காசாளர், காசேடு எல்லாம் கேஷத் தமிழாக்கினதுதானே?

பொருளைத் தமிழாக்கினார்கள், சொல்லை அல்ல. காசோலை என்பது காசும் ஓலையும் சேர்ந்தது, காசுக்காக எழுதும் சீட்டு. ஆங்கிலத்தில் செக்குக்குள் கேஷ் என்ற சொல்லே இல்லை. காசுக்கட்டளையும் அப்படித்தான், அங்கே மணி என்றுதான் இருக்கிறது. காசேடு, சில்லறைக் காசேடு, காசுப் பாய்ச்சல் கூற்று ஆகியவற்றில் ஆங்கிலத்தில் கேஷ் வரும் இடத்தில் காசு வந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அதே இடத்தில் ரொக்கம் என்று போட்டிருப்பார்கள். அங்கே படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சந்தேகமே வராது.

நம் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வருவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பாடப்புத்தகச் சொற்கள்தான். அதற்காக அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். காசேடு மிக நல்ல சொல், சொன்னவுடன் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிறது.

கேஷியர் எண்டா காசு எடுக்கிறவர். ஆனா இங்கிலிஸ் பேப்பரில ஒரு ஆமி ஒபிசரைக் கேஷியர் பண்ணினதெண்டு கிடக்கு. அவரை வங்கியில போட்டுட்டாங்களா?

இல்லை, வேலையை விட்டு அவமானத்தோடு நீக்கிவிட்டார்கள் என்பது பொருள். காசாளர் என்ற கேஷியர், பெட்டியிலிருந்து வந்த கேஷின் குடும்பம். படையிலிருந்து நீக்கும் கேஷியர், 'வெறுமை, செல்லாதது' என்று பொருள்படும் வேறு லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது. சூட்கேஸும் நீதிமன்றக் கேஸும் பற்றி மேலே சொன்னதைப் போன்ற கதைதான்.

மகள், போனில "கிளியர் கேஷ்" எண்டு காட்டுது. அமத்தினா என்ட காசெல்லாம் அழிஞ்சிருமா?

என் பெரியம்மா கேட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசு கைபேசிச் செயலி ஒன்றில் வந்து விழும். போனில் இடமில்லை என்று யாரோ அதை அழுத்தச் சொல்ல, பயந்துபோய் இரண்டு நாள் போனையே தொடாமல் வைத்திருந்தார். பயப்பட வேண்டாம் பெரியம்மா, காசு ஒன்றும் அழியாது.

அது வேறு சொல். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, சத்தம் மட்டும் ஒன்று. பிரெஞ்சு மொழியில் 'ஒளித்து வை' என்ற வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் தோலுக்காக விலங்கு பிடிக்கப் போனவர்கள், சாப்பாட்டையும் சாமான்களையும் ஒளித்து வைத்த இடத்தை இப்படிச் சொன்னார்கள். கணினியும் கைபேசியும், அடிக்கடி தேவைப்படும் படங்களையும் பக்கங்களையும் கைக்கெட்டும் இடத்தில் ஒளித்து வைக்கின்றன. அதைத் துடைத்தால் அடுத்த முறை திறக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே 'டேட்டா'வைத் துடைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதை அழுத்தினால் செயலிக்குள் மறுபடி கடவுச்சொல் கொடுத்துத்தான் போக வேண்டும். அதைத் தொட வேண்டாம்.

கஜுவ இங்கிலிசில கேஷூ எண்டுறாங்க. விக்கிறதால கேஷ் வாறபடியா அந்தப் பேர்?

இல்லை. பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியில் அந்த மரத்தின் பெயர் அகஜு. போர்த்துக்கீசர் அதைக் கஜு என்று எடுத்து, மரத்தையும் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கஜுவையே நாம் அப்படியே சொல்கிறோம், ஆங்கிலேயர் கேஷூ ஆக்கிக்கொண்டார்கள். மூலத்துக்குக் கிட்ட இருப்பது நம் உச்சரிப்பு.

பணம், துட்டு எல்லாம் இங்கிலிசுக்குப் போகல்லியா?

பணம் போயிருக்கிறது. மேலே சொன்ன மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம் என்றேனே, அதை ஆங்கிலேயர் ஃபனம் என்று எழுதினார்கள். இலங்கையிலும் பிரித்தானியர் காலத் தொடக்கத்தில் ஃபனம் கணக்கு ஓடியது. துட்டை ஒல்லாந்தரின் டொய்ட் என்ற செப்புக் குற்றியோடு சேர்த்துச் சொல்வார்கள். மதராஸ் கணக்கில் 10 காசு ஒரு துட்டு. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் சல்லி என்று சொல்வதையும் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆனால் அது ஆங்கிலத்துக்குப் போன சொல் அல்ல.

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல் என்று பெருமையோடு சொல்லக் கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஒன்றுக்கும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

சதமும் சென்ட்டும் வேற வேற சத்தம். அதுகளும் உறவில்லாததுதானே?

அவைதான் உறவு! சதம் வடமொழியில் நூறு. சென்ட், லத்தீனில் நூறைக் குறிக்கும் கென்டும் என்பதிலிருந்து வந்தது. வடமொழியும் லத்தீனும் ஒரே தொல்மொழிக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையில் பழைய 'க' ஒலி 'ச' ஆனது, மற்றதில் 'க'வாகவே நின்றது. பத்து, எட்டு என்று வேறு எண்களிலும் இதே மாற்றம் ஒழுங்காக வருகிறது, அதனால்தான் உறவு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. 1872இல் இலங்கை ரூபாயை நூறாகப் பிரித்தபோது, ஆங்கிலத்தில் சென்ட் என்றும் தமிழில் சதம் என்றும் வந்தது. பிரிந்து பல ஆயிரம் வருடமான இரண்டு சொற்கள் செப்புச் சதத்தில் வந்து மறுபடி சந்தித்தன.

பரீட்சையில "கேஷ் தமிழ்ச்சொல்" எண்டு எழுதினாச் சரி போடுவாங்களா?

எந்தக் கேஷ் என்று சேர்த்து எழுதுங்கள். ஆசியச் சின்னக் குற்றியைக் குறிக்கும் கேஷ் தமிழ்க் காசிலிருந்து வந்தது, கைக்காசைக் குறிக்கும் கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதினால் அதில் யாரும் பிழை காண முடியாது.

டீச்சர், அந்த 1808 குத்தி விலை போகுமா?

குற்றியைக் கொண்டுவந்த பையன்தான் இதையும் கேட்டான். அந்தக் காலப் பெறுமதி சொல்வது லேசு. இருபது காசு என்றால் ஒரு பணத்தில் காற்பங்கு, ஒரு ரூபாய்க்கு இப்படி 48 குற்றி. இன்றைய விலை பெரிதாக இராது. 1809 தை மாதம், இதே மாதிரிச் செப்புக் குற்றிகளைத் தொன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மதராசுக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980களில் சுழியோடிகள் அதிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குற்றிகளை வெளியே எடுத்தார்கள். அதனால் உலகத்தில் இவற்றுக்குத் தட்டுப்பாடு இல்லை.

அவன் சிங்கம் நிற்கும் பக்கத்தைப் பழப்புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்திருந்தான். குத்துவிளக்கு மாதிரி மின்னியது, ஆனால் ஆண்டின் கடைசி எட்டு பாதி அழிந்துவிட்டது. பழைய குற்றியைத் தேய்க்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். கேஷ் என்று எழுதியிருக்கும் மற்றப் பக்கம் இன்னும் கறுத்தபடியே இருக்கிறது. அதை அப்படியே துணியில் சுற்றி அம்மப்பாவின் அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டான்.